ஆலோசனை என்ற சொல்

கையைப் பிடித்து எழுதவைக்கிறவன் எழுத்துக் கற்பிக்கிறானா, அந்தக் கையால் தானே எழுதுகிறானா? குழந்தை விஷயத்தில் இது அற்பமான கேள்வி. ஒரு அரசாங்கத்தின் விஷயத்தில் அப்படியல்ல.

2003 மே மாதம் பாக்தாதில் பால் பிரெமரின் முதல் ஆணை, பாத் கட்சியின் மேல்படிகளில் இருந்தவர்களை அரசு உத்தியோகத்திலிருந்து நீக்கியது. இலாகா நடத்தத் தெரிந்த பலரும் அதோடு போனார்கள். இலாகாக்களில் அயல்நாட்டு ஆலோசகர்கள் உட்கார்ந்தார்கள். இருந்த திறமையைக் கலைத்துவிட்டுத் திறமை வளர்க்கும் விபரீதம் இது.

ஆப்கானிஸ்தானில் நடந்தது இன்னும் நிதானமானது. 2010லிருந்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் சிவில் உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி தந்து காபூல் இலாகாக்களுக்கு ஆலோசகர்களாக அனுப்பியது. பலர் நல்லெண்ணத்தோடுதான் போயிருப்பார்கள். அதைச் சந்தேகித்தால் பிரச்னை சுலபமாகிவிடுகிறது.

அந்த அரசின் செலவில் சுமார் நான்கில் மூன்று பங்கு அயல் உதவி. பணம் தருகிறவரின் பிரதிநிதி சொல்வது எப்படி ஆலோசனையாகும்? மறுக்க முடிந்தால்தான் அது ஆலோசனை. மறுக்க முடியாத அதிகாரி கையெழுத்திடுகிறான். தவறு நேர்ந்தால் கையெழுத்துதான் சாட்சி. சொன்னவர் தவணை முடிந்து ஊர் திரும்பியிருப்பார். ஒருவரிடம் பொறுப்பில்லாத அதிகாரம், மற்றவரிடம் அதிகாரமில்லாத பொறுப்பு.

அதற்காக ஆசிரியர்களின் சம்பளம் நின்றுபோகட்டும் என்று விடலாமா? விடமுடியாது. பசி காத்திருக்காது. ஆனால் அப்போது, நானே செய்கிறேன் என்று சொல்லிச் செய்யவேண்டும், பழியையும் ஏற்கவேண்டும். ஆலோசனை என்று பெயரிடும்போதுதான் பொய் நுழைகிறது.

ஆப்கன் ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத சிப்பாய்களின் பெயர்கள் வருஷக்கணக்காக இருந்தன. பிடிப்பதற்குக் கம்ப்யூட்டர் பதிவுமுறை வந்தது. பதிவேடு சுத்தமாவது ஒன்று. பொய்ப் பெயர் எழுதக் கை கூசுவது வேறு. லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தன்னைக் கேள்வி கேட்க உரிமையுள்ளவர்கள் முன்னால்தான் கை கூசும். அந்த அதிகாரியை முதலில் கேட்டவர் வாஷிங்டனுக்குப் பதில் சொல்லவேண்டியவர். காந்தஹாரில் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தகப்பன் அல்ல.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. காரணங்கள் பல. திறமைக் குறைவும் அவற்றில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கணக்கும் நிர்வாகமும் தெரிந்தவர்கள் அன்றும் அங்கே இருந்தார்கள். தம்முடையது என்று அவர்கள் சொல்லிக்கொள்ள ஒரு அரசு இருந்ததா?