உழவாரமும் கடற்சுவரும்

சாக்கடை தானாக மேடு ஏறாது. ஏற்றுவதற்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். அதனால் பெரும்பாலான கடலோர நகரங்களில் பாதாள சாக்கடை முழுவதும் ஊரிலேயே பள்ளமான இடத்தைத் தேடி வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தையும் அங்கேயே கட்டிவிடுகிறார்கள். தெளிந்த நீரை விடுவதற்கு ஆறோ கடலோ பக்கத்திலேயே இருக்கும். கடல் பொங்கினால் முதலில் நனைவதும் அந்த இடம்தான்.

நான் கடலூர்க்காரி. இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். கழிவுநீரேற்று நிலையங்களில் மோட்டாரும் மின்பேனலும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. ஊரில் இருக்கும் என் தாய்மாமாவுக்குச் சைவ சித்தாந்தம்தான் மூச்சு. ஒருநாள் போனில் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, சமுத்திரம் வர்ற வழியில சுவர் எழுப்பிக்கிட்டு நிக்கிறீங்களே, இது ஆணவம் இல்லையா?" என்று கேட்டார். சித்தாந்தி வாயில் அந்தச் சொல் சும்மா வராது. ஆணவம் உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பது, முத்தியிலும் அது அழியாது, அதன் வலிமை மட்டும் அடங்கும் என்பது அவர்கள் கொள்கை. எனவே நானும் சிரித்து மழுப்ப முடியவில்லை.

சாண்டி புயலிலிருந்து தொடங்கினேன். 2012 அக்டோபர் 29 இரவு, பௌர்ணமி ஓதத்தோடு சேர்ந்து கடல் உள்ளே வந்தது. நியூயார்க் நகரத்தின் 14 சுத்திகரிப்பு நிலையங்களில் 10 பாதிக்கப்பட்டன. 96 நீரேற்று நிலையங்களில் 42 சேதமடைந்தன அல்லது மின்சாரம் இழந்தன. லாங் ஐலண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழிவுநீரைக் கையாளும் பே பார்க் நிலையம் உப்புநீரில் மூழ்கிச் செயலற்றுப் போனது. பள்ளத்தில் இருந்த வீடுகளுக்குள் கழிவு திரும்பி ஏறி வந்தது. நியூவார்க்கில் பசாயிக் வேலி நிலையத்தின் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான காலன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே நியூவார்க் விரிகுடாவில் கலந்தது.

இப்படிப்பட்ட நிலையம் எப்படிச் சாகிறது என்பதை மாமாவுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது. கான்கிரீட் தொட்டிகள் மூழ்கினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, அவை தண்ணீர் நிற்பதற்கென்றே கட்டியவை. சாவது மின்சாரப் பகுதி. மோட்டார் சுருளிலும் பேனலிலும் கடல்நீர் புகுந்துவிட்டால் காய வைத்தாலும் உப்பு போகாது, உள்ளே இருந்துகொண்டே செம்பை அரிக்கும். பேனலைக் கழற்றி எறிய வேண்டியதுதான். மின்சாரம் போனால் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் ஊதிகள் நிற்கும். கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவற்றை மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். மாமா இந்த இடத்தில் குறுக்கிட்டார்: "ஊரு அழுக்கைத் திங்கிற ஜீவனுக்கு நாமதான் மூச்சு குடுக்கணுமா?" ஆமாம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு சுவரைப் பற்றிய அவருடைய குரலில் சூடு கொஞ்சம் தணிந்தது.

உண்மையில் என் வேலையில் சுவர் ஒரு சிறு பங்குதான். நியூயார்க் 2013இல் வெளியிட்ட திட்டத்தைப் பார்த்தால் தெரியும். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்தை எடுத்துக்கொண்டு, கடல்மட்ட உயர்வுக்காக இன்னும் 30 அங்குலம் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். அந்த மட்டத்துக்கு மேலே பேனலைத் தூக்கி வை. தூக்க முடியாவிட்டால் நீர் புகாத பெட்டிக்குள் வை. மூழ்கினாலும் ஓடக்கூடிய மோட்டாரைப் போடு. கதவை நீர் புகாதபடி மாற்று. எதுவும் ஒத்துவராத இடத்தில் சுவர். கடல் வரும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தக் கணக்கே தொடங்குகிறது. வராது என்று நம்பி நிலவறையில் பேனலை வைத்தார்களே, மாமா தேடிய ஆணவம் அவர்களிடம் அல்லவா இருந்தது?

மாமா அசரவில்லை. அப்பரை இழுத்தார். கடலூரில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை தாய்ப்பாலோடு வரும். பல்லவ மன்னன் ஆணையால் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாக்கித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். "அவரு எந்தச் சுவரைக் கட்டினாரு?"

எனக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. எந்தக் கோயிலில் அப்பர் சிலையைப் பார்த்தாலும் அவர் கையில் அந்தக் கல் இருக்காது. உழவாரம் இருக்கும். ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கியவர் அவர். கல் மிதந்தது ஒரே ஒரு முறை. புல்லோ செதுக்கச் செதுக்க முளைக்கும். தன்னைக் கடலிலிருந்து கடவுள் தூக்கிவிட்டார் என்று முழுமையாக நம்பிய ஒருவர், இனி எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஆணவம் அழியாது, அடங்கத்தான் செய்யும் என்றால் அதற்கான வேலையும் ஓயாததாகத்தானே இருக்க வேண்டும்? ஊர்க் கழிவும் அப்படித்தான். இன்று சுத்திகரித்தால் நாளைக்கு வராமல் இருக்குமா? பேனலை மேலே தூக்கி வைப்பதை உழவாரப் பணி என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலுக்குப் பிறகு 2012 பொங்கல் நெருங்கும்வரை எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியும் கையுமாக இருந்த அம்மாவைக் கேட்டால், மின்கம்பத்தில் ஏறியவனைத்தான் அடியார் என்பார்.

ஆனால் மாமாவின் கேள்வி வேறோர் இடத்தில் வந்து என்னைக் குத்தியது. பசாயிக் வேலி நிலையத்துக்கு 48 ஊர்களின் கழிவுநீர் வருகிறது. நான் இப்போது இருக்கும் ஊரும் அதில் ஒன்று. சாண்டிக்குப் பிறகு, மின்தடை வந்தாலும் நிலையம் நிற்காமலிருக்க எரிவாயுவில் ஓடும் தனி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். பக்கத்தில் இருப்பது அயர்ன்பவுண்ட் குடியிருப்பு. துறைமுக லாரிகள், விமான நிலையம், குப்பை எரிக்கும் ஆலை என்று ஏற்கெனவே புகை தின்று வாழும் உழைப்பாளிகளின் பகுதி. இன்னொரு புகைக்குழாயா என்று அவர்கள் எதிர்த்தார்கள், சூரிய மின்சாரமும் மின்கலங்களும் வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே சுமை ஏறிய ஊர்களில் புதிதாக ஒன்றை அனுமதிக்கும் முன் மொத்தச் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நியூஜெர்சி 2020இல் சட்டம் போட்டிருந்தது. 2022 ஜனவரியில் ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பு நடக்கவிருந்தபோது அப்போதைய ஆளுநர் பில் மர்பி தலையிட்டு நிறுத்தி வைத்தார்.

மின்சாரம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவ்வளவு பெரிய நிலையத்தை மின்கலத்தை மட்டும் நம்பி நாள்கணக்கில் ஓட்டுவது கடினம். மாற்று மின்சாரம் இல்லாமலிருந்தால் அடுத்த புயலில் கழிவு முதலில் நுழைவதும் பள்ளத்து வீடுகளில்தான். இரண்டும் உண்மை. ஆனால் என் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் சுழன்று இறங்கும்போது, அதைச் சுத்திகரிக்க யார் நுரையீரல் வாடகைக்குப் போகிறது என்று நான் யோசித்ததே கிடையாது. ஆணவம் என்ற மாமாவின் சொல் இந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது. என் கட்சி இது: ஜெனரேட்டர் வேண்டுமென்றால் வரட்டும். ஆனால் அது கக்கும் புகைக்கு ஈடாக, அதே குடியிருப்பில் வேறொரு புகையை நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்கான செலவு 48 ஊர்களின் கழிவுநீர்க் கட்டணத்திலும் ஏற வேண்டும், என்னுடையதையும் சேர்த்து.

இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு குடுத்துட்டா உழவாரம் ஆயிடுமாம்மா?" என்றார். கூலிக்குச் செதுக்கினாலும் புல் போகும் மாமா என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.