செவி எனும் நிஃமத்: காய்ச்சலுக்குப் பின் காலம் கடத்தாதீர்கள்



பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78வது வசனத்தைப் பாருங்கள். ஒன்றும் அறியாமல் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்த நமக்குத் தந்த நிஃமத்துகளைச் சொல்லும்போது, அல்லாஹ் செவியைத்தான் முதலில் சொல்கிறான். பார்வையும் உள்ளமும் அதற்குப் பிறகுதான்.

அந்தச் செவியை ஒரே காய்ச்சல் பறித்துவிடலாம். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸைச் சொல்கிறேன். பிள்ளை பிழைத்து வீடு திரும்பியதும் ஷுக்ரு செய்கிறோம். அதுவரை அத்தா, அம்மா என்று அழைத்த பிள்ளை மெல்லப் பேச்சை நிறுத்துகிறது. "காய்ச்சல் அசதி, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறோம். பிறந்தபோது செய்த காது பரிசோதனை சரியாக இருந்ததே என்பீர்கள். அது அன்றைய காதுக்கான பரிசோதனை.

இங்கேதான் காலம் முக்கியம். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. இந்த நோய்க்குப் பின் அதனுள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடும். அடைத்துவிட்டால் காக்ளியர் இம்பிளாண்டின் மின்கம்பியை உள்ளே செலுத்துவது மிகக் கடினம். மற்றக் குழந்தைகளுக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே மருத்துவமனையை விட்டு வரும் முன்பே காது பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வந்துவிட்டீர்களா? நாளைக்கே போங்கள். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் ஸ்டான்லி மருத்துவமனை எவ்வளவு தூரம்?

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றுதான் நபிகளார் (ஸல்) சொன்னார்கள். தாயத்துக்காக ஒரு மாதம் காத்திருப்பது தவக்குல் ஆகாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். சிலர் உளூவைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிடலாம். உள்ளே இருப்பது தோலுக்கு அடியில். உளூவுக்குத் தடையே இல்லை.

கருவி பொருத்தியதும் பிள்ளை பேசிவிடாது. மாதக் கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் தகப்பன், பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கிறார். பிறகு பேட்டரி, வயர், பழுது என்று செலவு தொடரும். ஜகாத் வாங்கத் தகுதியுள்ள இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும், ரமளான் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?

தடுப்பூசியையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்குக் காரணமான ஒரு கிருமியைத் தடுக்கும் மருந்து, 2011 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் பென்டாவேலன்ட் ஊசியில் இலவசமாகக் கிடைக்கிறது. நியூமோகாக்கல் ஊசி 2021 முதல். பயந்து தவிர்த்தவர்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கருவி பொருத்தியும் பலன் குறைவாக இருந்தால் சைகை மொழி இருக்கிறது. அந்தப் பிள்ளையை "செவிடு" என்று கூப்பிடும் நாக்கை மட்டும் அடக்குங்கள்.

காய்ச்சலில் விழுந்து எழுந்த பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், சுன்னத் தொழுதுவிட்டு மிம்பர் பக்கம் வாருங்கள். ஸ்டான்லிக்குக் கூட வர ஜமாஅத்தில் ஆள் இருக்கிறது.