பெருக்குவதல்ல, சுருக்குவது

இருட்டு பொருளை மறைக்கும், தன்னை மறைக்காது. இருட்டாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரிகிறது. அதனால் விளக்கைத் தேடுகிறோம். ஆணவம் அப்படியல்ல. பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். அதனால் விளக்கு வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் சொல்லி வைத்த கருத்து இது. 100 குறட்பாக்கள் கொண்ட சின்ன நூல். சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14-இல் ஒன்று.

ஆணவம், கன்மம், மாயை. சாத்திரம் இவற்றை மும்மலம், அதாவது உயிரின் மூன்று அழுக்கு, என்கிறது. நாமோ மூன்றையும் வாய்ப்பேச்சில் செலவழித்துவிட்டோம். அலுத்துக்கொள்ளக் கருமம். ஆசை பொய்த்தால் மாயை. அடுத்தவரைத் திட்ட ஆணவம். "அவனுக்கு எவ்வளவு ஆணவம்!" என்று தினமும் கேட்கிறோம். "எனக்கு எவ்வளவு ஆணவம்!" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சித்தாந்தம் அந்தச் சலுகையை யாருக்கும் தருவதில்லை. உயிர் என்றைக்கு உண்டோ, அன்றைக்கே அதனோடு ஆணவமும் உண்டு என்கிறது. உங்களுக்கும் உண்டு. எனக்கும் உண்டு.

இன்னொன்றும் சொல்கிறது. ஆணவம் வந்தால் மனிதர் பெருத்துப் போவதாக நினைக்கிறோம். உண்மையில் சுருங்கிப் போகிறார். எங்கும் விரிந்திருக்க வேண்டிய உயிரை அணுவளவு ஆக்குவது எதுவோ, அதுதான் ஆணவம்.

நம்பிக்கை இல்லையென்றால் காலையில் நவி மும்பையின் சான்பாடாவில் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் போகும் ஹார்பர் லைன் வண்டியில் ஏறிப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சீட். நாலாவதாக ஒருவர் வந்து நின்று, கையை லேசாக அசைக்கிறார். நகர்ந்து கொடுப்பது மும்பையின் எழுதாத சட்டம். ஆனால் உட்கார்ந்திருப்பவர் மடியில் பை, கையில் போன். "இடம் எங்கே இருக்கு?" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு இடம் நிஜமாகவே தெரியவில்லை. நாளைக்கு அவரே நிற்கட்டும். அதே சீட்டில் ஒரு சாண் இடம் பளிச்சென்று தெரியும். சீட் மாறவில்லை. பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்பதுதான் மாறியது.

அப்படியானால் தன்னையே மறைத்துக்கொள்ளும் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் சாத்திரம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி, மாயை. சித்தாந்தத்தில் மாயை பொய்த் தோற்றமல்ல. உடம்பும் மனமும் உலகமும் ஆகி, உயிருக்கு உதவ வந்த பொருள் அது. விடியும்வரை கையில் பிடித்துக்கொள்ள ஒரு விளக்கு. முழு வெளிச்சம் தராது. அடுத்த அடி வைக்கப் போதும்.

இந்த நெரிசல், இந்த ஆபீஸ், வீட்டில் எதிர்த்துப் பேசும் பிள்ளை, மேல்மாடிச் சத்தம் எல்லாம் அந்த விளக்குதான். தனியறையில் எல்லோரும் அடக்கமானவர்களே. தோளோடு தோள் இடிக்கும் இடத்தில்தான் நாம் எவ்வளவு சுருங்கியிருக்கிறோம் என்று தெரியும். கூட்டத்தைச் சபிக்காதீர்கள். உங்களை உங்களுக்குக் காட்ட அதைவிட்டால் வேறு ஆள் இல்லை.

இன்று யாரையாவது "ஆணவக்காரன்" என்று சொல்ல நாக்கு எழும்போது, ஒரு மூச்சு பொறுங்கள். அந்தச் சொல்லை முதலில் உங்கள் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் வெட்கப்பட வேண்டாம். கண்டுகொண்ட ஆணவத்துக்குப் பாதி பலம் போய்விட்டது.

மீதிப் பாதிக்கு, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.