சமன் எது, சாய்வு எது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. இதனை நாம் பலகாலும் சொல்லுகிறோம். ஆனால் இதனுள் மறைந்திருக்கும் ஓர் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணும் காதும் பொய்க்குமாயின், எதனைக் கொண்டு விசாரிப்பது? நம் உடலின் உணர்வே நம்மை ஏமாற்றும்போது, அவ்வேமாற்றத்தை நாம் அறிவது எங்ஙனம்? இவ்வினா ஏட்டுப் படிப்பினர்க்கு மட்டும் உரியதன்று. வானவூர்தி ஓட்டப் பயில்வோர் ஒவ்வொருவரும் தம் உயிரைப் பணயமாக வைத்து இதற்கு விடை கற்கின்றனர்.

எறணாகுளத்தின் தென்பகுதியாகிய தேவராவின் கரையில் நின்று காயலை நோக்கினால் அப்பால் வெல்லிங்டன் தீவு தெரியும். துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணைக் கொட்டி, இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் ஆக்கப்பட்ட நிலம் அது. அங்கே 1953 மே 11-ஆம் நாள் கருடா என்னும் கடற்படை விமானத்தளம் நிறுவப்பெற்றது. 1999-இல் நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்படும் வரை கொச்சிக்கு வந்த பயணிகள் விமானங்களும் அத்தளத்திலேயே இறங்கின. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் ஷிவாங்கி என்னும் பீகார்ப் பெண்மணி இந்தியக் கடற்படையின் முதற் பெண் விமானியாகத் தேர்ச்சி பெற்றதும் கொச்சியிலேதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரும் வேறு இரு பெண்மணிகளும் டார்னியர் விமானப் பயிற்சியை அங்கே முடித்தனர்.

ஆனி ஆடியில் அத்தீவின்மேல் மழை முகில் தாழ்ந்து கவிந்தால் கடலும் காயலும் வானும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தொடுவானம் என்பதே இராது. முகிலினுள் புகுந்த விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று காட்டக் கண்ணுக்கு ஓர் அடையாளமும் இல்லை. அப்போது அவனுக்கு எஞ்சுவது உடலின் உணர்வு. அவ்வுணர்வோ பொய்க்கும்.

அது பொய்க்கும் விதத்தைச் சற்று விளக்குவோம். நம் உட்செவியில் அரைவட்ட வடிவாகிய மூன்று நுண்குழல்கள் உள்ளன. அவற்றில் நீர்மம் நிரம்பியுள்ளது. தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது. நீர்மம் சிறிது பின்தங்குகிறது. அப்பின்தங்கலைக் கொண்டே நாம் திரும்புகிறோம் என்பதை மூளை அறிகிறது. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், பத்து இருபது நொடிகளில் நீர்மமும் குழலோடு ஒத்த வேகத்தை அடைந்துவிடுகிறது; திரும்பும் உணர்வு அற்றுப்போகிறது. மிக மெதுவாகச் சாய்ந்தாலோ, சாய்வது தொடக்கத்திலேயே தெரிவதில்லை. ஆகவே விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிடுகையில் விமானி தான் நேரே செல்வதாகவே உணர்கிறான். பின்னர் விமானத்தை அவன் சமனுக்குக் கொண்டுவந்தால், அந்நொடியில் மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக அவன் உடல் முறையிடுகிறது. சாய்வைச் சமனென்றும், சமனைச் சாய்வென்றும் அது சாதிக்கிறது.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவிப் பயிற்சி பெறாத இருபது பேரை, வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் விமானம் ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன காலம் சராசரியாக 178 நொடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை. அவர்கள் அறிவிலிகள் அல்லர். தம் உணர்வுக்கு உண்மையாகவே நடந்தனர். ஆனால் அதே மனிதர் சில மணி நேரம் முறையாகப் பயிற்றப்பட்டபின், கருவிகளை நோக்கி விமானத்தைத் திருப்பி மீட்கக் கற்றுக்கொண்டனர் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

இவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் டூலிட்டில். 1929 செப்டம்பர் 24-ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த மிட்செல் களத்தில், தம் இருக்கையை முற்றிலும் திரையால் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டுமே நோக்கி அவர் மேலெழுந்து, பறந்து, மீண்டும் தரையிறங்கினார். சுழலியால் இயங்கும் செயற்கைத் தொடுவானமும், திசை காட்டும் சுழலியும், நுட்பமான உயரமானியும் அவருக்குத் துணை நின்றன. அன்று முதல் இன்றுவரை பயிற்சி விமானிக்குச் சொல்லப்படும் பாடம் ஒன்றே. உடல் சொல்வதைக் கேட்டுக் கையை அசைக்காதே. முள் காட்டுவதைப் பார்.

ஈண்டு நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பயிற்சி பெற்ற விமானிக்கு அப்பொய்யுணர்வு எழாமற் போவதில்லை. அவன் செவியும் நம் செவியே. உணர்வு எழுகிறது, 'இஃது ஓர் உணர்வு' என்று அவன் அறிகிறான், அதன்பின் கையைச் செல்லவிடுவதில்லை. புத்த பகவான் வேதனை என்று வகுத்த நுகர்ச்சியைப் பற்றி நமக்குக் கற்பிக்கப்பட்டதும் இதுவேயன்றோ? நுகர்ச்சியை அழிக்குமாறு அவர் பணிக்கவில்லை. நுகர்ச்சியை நுகர்ச்சியாக அறி, அதன் வழியே வேட்கைக்குத் தாவாதே என்றே பணித்தார். மேலும், நிலையாததை நிலையானதாகவும், துன்பத்தை இன்பமாகவும் கொள்ளும் திரிபுணர்வை விபல்லாசம் என்று பெயரிட்டு விளக்கினார். திரிபுக்கு உள்ளானவனுக்கு அது திரிபாகத் தோன்றுவதில்லை என்பதே அதன் கொடுமை.

தனி மனிதனுக்கு நேர்வது சமுதாயத்துக்கும் நேரும். பல நூற்றாண்டுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வட்டமிட்ட சமுதாயம் அச்சாய்வையே சமனென்று கொள்ளும். யாரேனும் அதனை நேராக்க முயன்றால், 'ஐயோ, கவிழ்கிறது' என்று அலறும். தேவராவுக்கு வடமேற்கே, வைப்பின் தீவிலுள்ள சேறாயியில் 1917 மே 29-ஆம் நாள் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்தார். ஒன்றாக உட்கார்ந்து உண்பதைக் காட்டிலும் சமமான செயல் யாதுளது? ஆயினும் அவருடைய சொந்தச் சமூகத்தாரே வெகுண்டனர். விருந்தில் கலந்தவர்களை விலக்கி வைத்தனர். அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அவரோ அதனைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார். ஏசியவர் அனைவரும் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் உண்மையாகவே உலகம் கவிழ்வதாக உணர்ந்தனர். உணர்வு உண்மை, உணரப்பட்ட செய்தி பொய்.

இதனைப் பிறர்மேல் மட்டும் ஏற்றிச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. திரிசரணம் ஓதிப் பஞ்சசீலம் ஏற்ற நம்மிடத்தும் பழைய சாய்வு உண்டு. பெரிய மனிதர் எனப்படுவார் எதிர்ப்பட்டால் தோள்மேல் கிடக்கும் துண்டை நோக்கித் தானே செல்லும் கையும், நல்ல காரியம் தொடங்குமுன் இராகு காலம் பார்க்கும் கண்ணும் நம்மவையே. மகளுக்கு வரன் தேடும்போது 'அவர்களும் பௌத்தர்தாம், ஆனால் எந்தப் பிரிவு?' என்று மெல்லக் கேட்கும் நாவும் நம்முடையதே. அக்கேள்வியைக் கேளாது விட்டுவிட்டால் ஏதோ குறை வைத்துவிட்டதுபோல் மனம் உறுத்தும். அவ்வுறுத்தலை மனச்சான்றின் குரலென்று எண்ணி மயங்கலாகாது. நேராகிவிட்ட விமானத்தில் விமானி உணரும் பொய்ச்சாய்வே அது. அவ்வேளையில் கையை அசைக்காமல் பொறுத்திருந்தால் சிறிது காலத்தில் தணிந்துவிடும்.

இங்கே அன்பர் சிலர் ஒரு தடை எழுப்பலாம். 'உன் உணர்வை நம்பாதே, உனக்கு மேலானது சொல்வதை நம்பு என்றுதானே நெடுங்காலமாக நம்மை அடக்கினார்கள்? எங்கள் துன்பத்தைச் சொன்னபோதும் அது முன்வினை, உங்கள் அறியாமை என்றார்களே. நீங்களும் அதனையே சொல்லலாமா?' என்பது அத்தடை. மிக நேர்மையான தடை இது. மழுப்பாமல் விடை கூறுதல் நம் கடன்.

சாத்திரத்துக்கும் கருவிக்கும் வேறுபாடு உண்டு. உயரமானி தன்னைப் பார்ப்பவனின் குலத்தைக் கேட்பதில்லை. ஷிவாங்கிக்குக் காட்டிய அளவையே எந்த ஆடவனுக்கும் காட்டும். சாத்திரமோ பிறப்புக்கு ஒரு நீதி சொல்லிற்று. கருவியை யாரும் திறந்து சோதிக்கலாம், அளவுகோலோடு ஒப்பிடலாம். சாத்திரத்தைக் காதால் கேட்பதும் நமக்குக் குற்றமாக வைக்கப்பட்டது. இவை எல்லாவற்றினும் மேலாக, எந்த ஒரு கருவியையும் தனித்து நம்புமாறு விமானிக்குக் கற்பிக்கப்படுவதில்லை. செயற்கைத் தொடுவானம் ஓசையின்றிப் பழுதுபடக்கூடும். ஆகவே அதனை உயரமானியோடும், வேகமானியோடும், திருப்பம் காட்டும் முள்ளோடும் இடையறாது ஒத்துப் பார்க்கவேண்டும். காலாமருக்குப் பகவான் உரைத்ததும் இம்முறையே. கேள்வி, மரபு, நூல், ஆசிரியரின் பெருமை ஆகிய எதனையும் தனித்துச் சான்றாகக் கொள்ளாதீர். தன் மனத்துக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் கொள்ளாதீர். விளைவைக் கண்டும், அறிவுடையோர் கருத்தோடு ஒப்பிட்டும் தெளிவீர் என்பது அதன் சாரம்.

இச்சோதனையில் நம் துன்பத்தை வைத்துப் பார்ப்போம். இழிவுபடுத்தப்பட்டவனின் வேதனை ஒருவனுடைய மயக்கம் அன்று. அந்நிலையில் வைக்கப்பட்ட ஒவ்வொருவரும் எந்நாட்டிலும் அதனையே உணர்கின்றனர். ஒத்துப்பார்த்தபின்னும் நிற்பது அது. பிறப்பால் உயர்ந்தோம் என்னும் உணர்வோ ஒத்துப்பார்த்த அளவில் உதிர்ந்துவிடுகிறது. பாபாசாகேப் அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். நாகபுரியில் திரிசரணம் ஏற்றது 1956 அக்டோபர் 14-ஆம் நாள். இடையே கழிந்தவை இருபத்தோர் ஆண்டுகள். உணர்வு உந்திய அக்கணத்திலேயே அவர் தாவிவிடவில்லை. ஆராய்ந்தார், ஒப்பிட்டார், பின்னரே ஏற்றார். தீர விசாரிப்பது என்பதற்கு நமக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, அறிந்த வழியில் செல்லும் முறையைப் பற்றிச் சில சொல்வோம். முகிலினூடே இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டையும் இறங்கவேண்டிய சரிவையும் வானொலி அலைகள் காட்டுகின்றன. அச்சரிவு பெரும்பாலும் மூன்று பாகை. ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 320 அடி இறக்கம். புதிய மாணாக்கன் முள் சிறிது விலகியதும் பதறி விமானத்தை வெட்டித் திருப்புவான். முள் மறுபுறம் ஓடும். அவனும் அங்கே ஓடுவான். ஓடுபாதையை நெருங்க நெருங்க அலையின் பாதை குறுகுவதால் இவ்வலைச்சல் மிகும். தேர்ந்தவனோ விலகலைத் தொடக்கத்திலேயே கண்டு, ஓரிரு பாகை மட்டும் திருத்தி, அதன் பயனுக்குக் காத்திருப்பான். மென்மை என்பது கைத்திறத்தினும் முன்னதாகக் கவனத்தின் திறம்.

பொற்கொல்லனைப் பற்றிப் பகவான் கூறிய உவமை ஈண்டு நினைவுக்கு வருகிறது. காலத்துக்கேற்ப ஊதவேண்டும், காலத்துக்கேற்ப நீர் தெளிக்கவேண்டும், காலத்துக்கேற்பச் சும்மா பார்த்திருக்கவேண்டும். ஊதிக்கொண்டே இருந்தால் பொன் கருகும்; தெளித்துக்கொண்டே இருந்தால் குளிர்ந்துவிடும்; பார்த்துக்கொண்டே இருந்தால் பக்குவம் அடையாது. சீலத்தில் புதிதாக நிற்போர் ஒரு பிழைக்காகத் தம்மைக் கடிந்து வருத்திக்கொள்வதும், பின் சலித்து எல்லாவற்றையும் கைவிடுவதும் முள்ளைத் துரத்தும் மாணாக்கனின் செயலே.

இறுதியாக ஒன்று. பரவலான கருவி இறக்க முறையில், தரைக்கு 200 அடி உயரம் வந்ததும் விமானி முடிவு செய்தாக வேண்டும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மீண்டும் மேலெழ வேண்டும். கருவி அதுவரை கொண்டுவந்து விடுகிறது. முடிவில் காணவேண்டியது அவன் கண்ணே. வந்து பார் என்று அழைப்பதே தம்மத்தின் இயல்பு என்பதும், கரை சேர்ந்தபின் தெப்பத்தைச் சுமக்கலாகாது என்பதும் இதனோடு ஒக்கும்.

ஆனால் இறங்கியே தீரவேண்டும் என்னும் பற்று அக்கண்ணையும் மறைத்துவிடும். 2010 மே 22-ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம், உரிய சரிவுக்கு மிக மேலிருந்து இறங்கி, ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர். மேலெழுமாறு துணை விமானி மும்முறை கூறியும் தலைமை விமானி இறக்கத்தைத் தொடர்ந்தார் என்று விசாரணை கண்டது. உபாதானம் என்னும் பற்றைப் பொருளாசை என்றே பலர் எண்ணுகின்றனர். தொடங்கிவிட்டோம் என்பதற்காகத் தவறானதை விடமாட்டாமையும் பற்றே. மீண்டும் மேலெழுவது விமானிக்கு இழிவன்று. அவனுக்குக் கற்பிக்கப்பட்ட முறைகளுள் அதுவும் ஒன்று.

ஆகவே அன்பர்களே, நம் இல்லங்களில் முடிவு செய்யவேண்டிய வேளை வரும்போது, முதலில் எழும் உணர்வை உணர்வென்று அறிந்து நிறுத்துவோம். அதனைப் பஞ்சசீலத்தோடும், அதனால் பிறர்க்கு விளைவதோடும், நல்லறிவுடைய நண்பர் சொல்லோடும் ஒத்துப்பார்ப்போம். விலகல் சிறிதாக இருக்கும்போதே திருத்துவோம். நிச்சயதாம்பூலம் மாற்றியபின்னேயாயினும் சாதி பார்த்தே அச்சம்பந்தம் கொண்டோம் என்று தெளிந்தால், அதனைப் பெண்ணும் பிள்ளையும் கேட்க வாய்விட்டுச் சொல்லி, முடிவை அவ்விருவர் கையில் ஒப்படைக்கத் துணிவோம். அன்று உற்றார் சிலர் நம்மைச் சாய்ந்துவிட்டோம் என்பர். நமக்கும் சிறிது நேரம் அவ்வாறே தோன்றும். தோன்றட்டும், கையை அசைக்காது இருப்போம்.