பசியடக்கம் யாருடைய புண்ணியம்?

வண்ணார்பேட்டையில் பேராத்துச் செல்வியம்மன் கோயிலை ஒட்டிய தாமிரபரணித் துறையில், விரதகாலங்களில் காதில் விழும் சம்பாஷணைகளை உற்றுக் கேட்டால், உபவாசம் இருந்தவர் இராதவரைக் குறித்துப் பேசுவதே அவற்றில் பெரும்பகுதி என்பது விளங்கும். அல்வாவுக்குப் பேர்போன ஊரில் வயிற்றைக் குறித்து இத்தனை கண்டிப்பு இருப்பது வேடிக்கைதான். ஆயினும், பசியை அடக்கியவன் புண்ணியவான், அடக்க மாட்டாதவன் பாபி என்னும் அந்தத் தீர்ப்பு எந்தப் பிரமாணத்தின்மேல் நிற்கிறது என்பது ஆராயத்தக்கது.

மூளையின் அடிப்புறத்தில் ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதியில், நரம்பணுக்களின் சவ்வில் பதிந்து, ‘போதும்’ என்ற செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. 332 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சரத்துக்கு மெலனோகார்ட்டின்–4 ஏற்பி என்று பெயர். கண்ணுக்குப் புலப்படாத அதைக் காண விரும்புகிற விஞ்ஞானி, அதன் ஒரு துணுக்கை ஒத்த பொருளைச் செய்து முயலின் உடம்பில் ஏற்றி, அந்தத் துணுக்கைப் பற்றிக்கொள்ளும்படி முயலின் இரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, மெல்லிய மூளைச் சீவல்மேல் படியவிட்டு, அதனோடு இணைத்த சாயம் எங்கே துலங்குகிறதோ அங்கே ஏற்பி இருப்பதாக அனுமானிக்கிறான். ஆனால் இந்த ஆன்டிபாடி சில வேளைகளில் பொய்ச்சாட்சி போல நடந்துகொள்வதுண்டு: தேடிய புரதம் மிகச் சொற்பமாகவே இருக்க, அதைப் போன்ற வேறொன்றைப் பற்றிக்கொண்டு, இல்லாததை உண்டென்று காட்டிவிடும். ஆகவே, அந்த ஏற்பிக்குரிய மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளையிலும் அதைத் தடவிப் பார்க்கிறார்கள். அத்தகைய சுண்டெலிகள் 1997-லேயே உருவாக்கப்பட்டுவிட்டன. அங்கும் சாயம் துலங்கினால் அந்த ஆன்டிபாடி ஏற்கத்தக்கதன்று. துலங்காமையே அதன் மெய்ம்மைக்குச் சான்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எண்ணுமிடத்து, காண்டல், கருதல், உரை என்பவற்றை அடுத்து, இன்மையைக் கொண்டு அறிவதாகிய அபாவத்தையும் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

அபாவத்தால் அறியப்படுவது ஏற்பி மட்டும் அன்று, பசியும் திருப்தியும் அப்படியே. பி. கே. ஆனந்த் என்ற இந்திய உடலியலாளர், பிரோபெக் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1951-இல் வெளியிட்ட முடிவு, ஹைபோதலாமஸில் பசிமையமாகிய பக்கப் பகுதி இருபுறமும் அழிந்த எலி, இரை எதிரே இருந்தும் உண்ணாமல் மடிகிறது என்பது. மெலனோகார்ட்டின்–4 ஏற்பி பழுதுபட்ட மனிதர்களைப் பற்றி 1998-இல் செய்தி வெளிவந்தது. அவர்களிற் பலர் பாபம் இன்னதென்று அறியாத சிறு பிராயத்திலேயே அடங்காப் பசியோடு வளர்ந்தவர்கள். இதை வாசிக்கும் தமிழனுக்கு மணிமேகலையில் வரும் காயசண்டிகை நினைவுக்கு வராமல் இராள். நம் ஆறு பிறக்கிற அதே பொதியிலில், முனிவனொருவன் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்து, பன்னிரண்டாண்டு ஆனைத்தீ என்னும் பெரும்பசிக்கு ஆளானவள் அவள்.

நம்மில் பெரும்பாலோர்க்கு அந்த ஏற்பி ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது. ஓசையின்மையால் அதை அறியோம். அறியாமையால் அதன் காரியத்தை நம் மனோதிடத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். தனு, கரண, புவன, போகங்களை ஈசன் தந்தவை என்று நாவால் சொல்லும் சைவன்கூட, உபவாச தினத்தில் மட்டும் கரணத்தைத் தன் சொந்தச் சம்பாத்தியமாகக் கருதிவிடுகிறான்.

அப்படியானால் சங்கற்பத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இடம் உண்டு என்றே கருதுகிறேன். பசிமையத்தைக் கண்ட அதே ஆனந்த்தான் பின்னர் தில்லியில் யோகிகளின் மூளையலைகளைப் பதிவுசெய்து 1961-இல் வெளியிட்டார். சரீரத்தை ஆராய்ந்தவர் சாதனையை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பசியே எடுக்காதவன் இரண்டு வேளை விட்டதும், பசி எரிக்கிறவன் ஒரு பிடி குறைத்ததும் நம் துலாக்கோலில் நிறுக்கத்தக்கவை அல்ல. இவற்றில் பின்னதே பெரிது என்பது என் பட்சம். அதைக்கூட அயலானைக் குறித்து நிச்சயமாகச் சொல்ல வழியில்லை, அவனுடைய பசி நமக்குப் பிரத்தியட்சம் அன்றாதலால்.

இவ்விடத்தில் வினையைச் சொல்வோர் உண்டு. காயசண்டிகையே தன் துன்பத்துக்கு வினையைத்தான் காரணம் சொல்கிறாள். எனினும் கனியும் கிழங்கும் கொணர்ந்து ஊட்டியும் அவள் பசி தணியக் காணாத கணவன் காஞ்சனன், அவளைப் புகார் நகருக்குப் போகச் சொன்னது அங்கே ஆற்றாதார்க்குச் சோறிடுவோர் உண்டு என்பதற்காகவே. அவள் வினையை எடைபோட வல்லார் அங்கே உண்டு என்பதற்காக அன்று.