வாங்கும் படி ஒன்று, விற்கும் படி ஒன்றா?

வாணிபத்தில் பழிக்குரிய செயல்கள் பல உண்டு. அவற்றுள் மிகவும் கீழானது, கடையில் இரண்டு படி வைத்திருப்பது. வாங்கும்போது பெரிய படியால் அளந்து வாங்கி, விற்கும்போது சிறிய படியால் அளந்து கொடுப்பவனை எந்த ஊர்ச் சந்தையும் மன்னித்ததில்லை. அரிசிக்கும் மிளகுக்கும் உரிய இந்த நீதி, மனிதனின் திறமையை அளக்கும்போதும் செல்லுமா? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

நம் குடும்பங்களில் இன்று நடப்பதைப் பாருங்கள். பிள்ளைகளில் ஒருவன் கம்ப்யூட்டர் வலையமைப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டு கனடாவுக்குக் குடிபோகிறான். அதே வேளையில், நாகூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ அதே தொழிலைக் கற்ற இன்னொரு பிள்ளை சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலை தேடி வருகிறான். அங்கே நம் பிள்ளை புதியவன், முதலாளி வேறொருவர். இங்கே வந்தவன் புதியவன், முதலாளி நாம். "உனக்கு இந்த நாட்டு அனுபவம் உண்டா?" என்று கேட்டு அங்கே நம் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் நமக்கு வயிறு எரிகிறது. அதே கேள்வியை இங்கே நாம் கேட்கும்போது, அது முன்ஜாக்கிரதை என்று நமக்குத் தோன்றுகிறது. கேள்வி ஒன்றுதான், அளக்கும் படிதான் இரண்டாகிவிடுகிறது.

நாட்டுக்கு நாடு மாறாத தொழில்

உள்ளூர் அனுபவம் வேண்டும் என்பது எல்லாத் தொழிலுக்கும் வீண் நிபந்தனை என்று நாம் சொல்லவில்லை. வழக்கறிஞருக்கு அந்த நாட்டுச் சட்டம் தெரிய வேண்டும். மருத்துவர் அந்த நாட்டு மருத்துவக் கழகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வலையமைப்புத் தொழிலின் இயல்பு வேறு. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது விதிகளை, அமெரிக்காவில் தோன்றிய அர்பாநெட் என்னும் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று முழுமையாக ஏற்றுக்கொண்டது. அந்த விதிகளின் வழியேதான் இன்றைய இணையம் இயங்குகிறது. சென்னையில் ஒரு ரௌட்டரை அமைத்தவன் டொராண்டோவில் இன்னொன்றை அமைக்கும்போது புதிய இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்னும் தேர்வும் அப்படியே. எந்த நாட்டில் எழுதினாலும் அதே தேர்வு; சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பின் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே, மற்றத் தொழில்களைக் காட்டிலும் இந்தத் தொழிலில்தான் "வெளிநாட்டு அனுபவம் கணக்கில் சேராது" என்னும் சொல் மிகவும் வலுவிழந்து நிற்கிறது. எனினும், அது ஓயாமல் சொல்லப்படுகிறது.

கனடா காட்டும் பாடம்

கனடா 1967-ஆம் ஆண்டிலிருந்து குடியேற வருவோரைப் புள்ளிகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறது. படிப்பு, மொழி, வயது ஆகியவற்றோடு வேலை அனுபவத்துக்கும் புள்ளி உண்டு. நாட்டின் வாசலில் அனுபவத்தை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போய் வேலை கேட்டால், அந்த அனுபவம் செல்லாக் காசாகிவிடுகிறது. டொராண்டோ பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஓரியோபௌலஸ், ஏறத்தாழ 13,000 கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து வேலை விளம்பரங்களுக்கு அனுப்பி, அதன் முடிவை 2011-இல் வெளியிட்டார். ஆங்கிலப் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு வந்த அழைப்பைவிட, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் கொண்டவற்றுக்கு வந்த அழைப்பு குறைவு. கனடா அனுபவத்துக்குப் பதிலாக வெளிநாட்டு அனுபவத்தைக் குறித்தபோது அழைப்பு மேலும் குறைந்தது. இவ்வளவுக்கும் விண்ணப்பங்கள் எல்லாம் காகிதங்களே. அவற்றின் பின்னால் மனிதர் எவரும் இல்லை. எடை போட எதுவும் இல்லாத இடத்திலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது என்றால், கோளாறு தராசில்தான் என்பது விளங்குகிறதல்லவா?

இதன் பின் சட்டம் தலையிட்டது. டொராண்டோ நகரை உள்ளடக்கிய ஒண்டாரியோ மாநிலத்தின் மனித உரிமை ஆணையம், கனடா அனுபவம் கட்டாயம் என்று கேட்பது மேற்பார்வைக்கே பாகுபாடு ஆகும் என்று 2013-இல் அறிவித்தது. 2024-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் அம்மாநிலத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் இந்த நிபந்தனையைப் போடக் கூடாது.

சிங்கப்பூரிலும், 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், இனம், சமயம், வயது, நாட்டுரிமை முதலியவற்றைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்க வகை செய்கிறது. அதிலும் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. நம் கடைகளில் எத்தனை கடைகளில் 25 பேர் வேலை செய்கிறார்கள்? சட்டத்தின் கை எட்டாத இடம் நம்முடையது. அந்த இடத்தில் காவல் காக்க வேண்டியது நம் மனச்சாட்சி ஒன்றுதான்.

முதலாளியின் அச்சம் பொய்யா?

இங்கே முதலாளியின் பக்கத்தையும் கேட்பதே நீதி. வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவன் சாதாரண வேலையாள் அல்லன். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியில் விழும் பணம், பேரேடு, வாடிக்கையாளரின் அடையாள விவரம், கண்காணிப்புக் கேமரா ஆகிய அனைத்தும் அவன் கட்டிய கம்பிகளின் வழியே ஓடுகின்றன. நாணய மாற்றுக் கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவிக்கொத்தையே ஒருவனிடம் ஒப்படைப்பது போன்றது இது, முழுமையான அமானிதம். முன்பின் அறியாதவனிடம் சாவியைக் கொடுக்கத் தயங்குவது பாவமா? இல்லை, தயங்காமல் கொடுப்பதுதான் மடமை.

ஆனால் அந்தத் தயக்கம் என்ன கேட்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். இவனுக்கு வேலை தெரியுமா? வாடிக்கையாளரோடும் மற்ற ஊழியரோடும் பேசிப் புரியவைக்க முடியுமா? இவனை நம்பலாமா? இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கேனும் "எந்த நாட்டிலிருந்து வந்தான்" என்பது விடையாகுமா?

2018-ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்கப்பூர் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய குறைகள் எவை? ஊழியர்களுக்குப் போதிய விழிப்பும் பயிற்சியும் இல்லை; ஐயம் தோன்றியதும் உரியவரிடம் உடனே சொல்லவில்லை; அமைப்பிலிருந்த ஓட்டைகள் அடைக்கப்படவில்லை. பூட்டைக் காப்பவை விழிப்பும், ஒழுங்கும், தவறு தெரிந்தால் மறைக்காமல் சொல்லும் துணிவுமே. இந்தக் குணங்கள் எந்த ஒரு நாட்டு மண்ணுக்கும் தனிச்சொத்து அல்ல.

நம் முன்னோர் அறிந்த வழி

அறியாதவனை எப்படி நம்புவது என்பது வணிகருக்குப் புதிய சிக்கலா? புதிதாகக் கடை போட்டவர் வந்து கடனுக்குச் சரக்குக் கேட்கிறார். மொத்த வியாபாரி முதல் நாளே பத்து மூட்டை தூக்கிக் கொடுப்பதில்லை. விரட்டி விடுவதும் இல்லை. ஒரு மூட்டை கொடுக்கிறார். தவணை தவறாமல் பணம் வந்தால் அடுத்த முறை இரண்டு கொடுக்கிறார். நம்பிக்கை இவ்வாறு சிறுகச் சிறுக வளர்க்கப்பட்டது.

வலையமைப்புத் தொழிலிலும் இதே முறைதான் நல்ல முறை என்று போற்றப்படுகிறது. ஒருவனுடைய வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ, அவ்வளவு மட்டும் கொடுப்பது. அவனுக்கென்று தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் தருவது. அவன் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும்படி வைப்பது. தலைமைக் கடவுச்சொல்லின் ஒரு பிரதியை முத்திரையிட்டு முதலாளியே வைத்துக்கொள்வது. இவற்றைச் செய்த கடையில் புதியவனும் இடர் அல்லன். செய்யாத கடையில், பத்தாண்டு பழகியவனும் இடர்தான்.

திறமையைச் சோதிப்பதும் எளிது. வேலை கேட்டு வந்தவனிடம், "எங்கே வேலை பார்த்தாய்?" என்பதோடு நிறுத்தாமல், "வாடிக்கையாளருக்கு நாம் தரும் வைஃபையும், நம் கல்லாக் கருவியும் ஒரே இணைப்பில் இருக்கின்றன. என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதும், ரௌட்டரோடு வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றுவதும், அமைப்பின் நகல் ஒன்றை எடுத்து வைப்பதும், செய்ததை எழுதி வைப்பதும் அவன் வாயிலிருந்து வர வேண்டும். வலையமைப்பைக் கம்ப்யூட்டர் திரையிலேயே பாவனையாக அமைத்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன; அரைமணி நேரத்தில் அவன் கைத்திறன் தெரிந்துவிடும். ஆனால், வேலை அனுமதி வருமுன் "சும்மா இரண்டு நாள் வந்து பார்" என்று கடையில் வேலை வாங்குவது முறையன்று, சட்டப்படியும் குற்றம்.

ஒரே படி என்பது வந்தவனுக்குக் காட்டும் தனிச்சலுகை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையையும் அதே கேள்வியால் சோதிப்பதே ஒரே படி. வந்தவன் குறைந்த கூலிக்குக் கிடைப்பான் என்பதற்காக இவனை ஒதுக்குவதும் இரண்டு படி வியாபாரமே.

பேரம் எது, பறிப்பு எது?

கூலியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. புதிய நாட்டில் முதல் வேலை சிறிதாக இருப்பதில் இழிவு இல்லை. பெரிய வலையமைப்புகளை நடத்தியவனும் முதலில் கம்பி இழுக்கவோ, தொலைபேசியில் பழுது கேட்கவோ நேரலாம். அவனுக்கும் அந்த ஊர் பழக வேண்டும். ஆனால் அவன் வேலை தெரிந்தவன் என்று கண்ட பின்னும், அனுபவமில்லை என்னும் பழைய சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் அதே கூலியில் வைத்திருப்பவர் உண்டு. பொன் என்று உரைத்துப் பார்த்து அறிந்துகொண்டு, பித்தளை விலை கொடுப்பது இது. "அவன் ஒப்புக்கொண்டுதானே வந்தான்?" என்பார்கள். அவனுடைய வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஊரில் கடன் இருக்கிறது. எழுந்து போக முடியாதவனிடம் பேசி முடித்தது பேரம் ஆகாது.

வேலை கொடுப்பதற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ வெளிநாட்டு ஊழியரிடம் முதலாளி பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பசித்தவனிடம் வாசல் கூலி வாங்குவது வணிகருக்கு அழகன்று.

சாட்சி சொல்பவரும் வந்தவரும்

புதியவனுக்கு முதலில் வேண்டியது, அவனைப் பற்றி ஒரு சொல் சொல்ல ஒருவர். நம் பக்கத்துச் சபராளிகள் கடல் கடந்து வந்தபோது ஊரும் உறவும்தான் அவர்களுக்கு ஜாமீன். தவறு செய்தால் ஊரில் தகப்பனார் தலை குனிவார் என்பதே அந்த ஜாமீனின் பலம். அந்த வழக்கத்தில் நன்மை இருந்தது. ஆனால் உறவு ஒருவனின் நாணயத்துக்குச் சாட்சியாகலாம். அவன் கைவேலைக்குச் சாட்சியாகாது. மருமகன் என்பதற்காக ஒன்றும் தெரியாதவனிடம் கடையின் வலையமைப்பைக் கொடுப்பதும், உறவில்லை என்பதற்காகத் தெரிந்தவனை விடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். சிபாரிசு கதவைத் திறக்கட்டும். தேர்வை அவனே எழுதட்டும். அறிந்ததை மட்டும் சொல்வதே சாட்சி. அறியாததைச் சேர்த்துச் சொல்வது, அடுத்து வரும் உண்மையான பிள்ளையின் வாசலை அடைப்பதாகும்.

வந்தவனுக்கும் கடமை உண்டு. திருடி விற்கப்படும் தேர்வு வினாக்களை மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்குவதும், இரண்டாண்டு வேலையை ஐந்தாண்டு என்று எழுதுவதும் இன்று மலிந்திருக்கின்றன. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கேட்போர் காட்டும் பட்டங்களுக்குச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். அதிகாரிகளைக் கடந்து வந்தாலும், நள்ளிரவில் இணைப்பு அறுந்து கடை இருளும்போது பொய்ச் சான்றிதழ் உதவிக்கு வராது. "எனக்கு இது தெரியாது, நாளைக்குள் கற்றுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லும் ஒருவனை எந்த நல்ல முதலாளியும் இழக்கமாட்டார்.

சிங்கப்பூரில் 1819-இல் ஆங்கிலேயர் துறைமுகம் தொடங்கியபோது, நம்மவர் சில ஆண்டுகளிலேயே அங்கு வந்து சேர்ந்தனர். 1826-இல் சூலியாப் பள்ளிவாசலும் எழுந்துவிட்டது. அந்தப் புதிய துறைமுகத்தில் உள்ளூர் அனுபவத்தோடு வந்திறங்கிய வணிகர் எத்தனை பேர் இருந்திருப்பார்? கணக்கில் நேர்மையும் கையில் தொழிலும் இருந்தன. யாரோ ஒருவர் முதல் மூட்டையைக் கடனாகக் கொடுத்தார். இன்று கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். கேட்கும் இடத்தில் நம் பிள்ளைகளும் வேறொரு நாட்டில் இருக்கிறார்கள். டொராண்டோவில் அவர்களுக்கு எந்தப் படியால் அளந்து கொடுக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதே படியை நம் கடையிலும் எடுத்து வைப்போமாக.