கல் எதற்குச் சாட்சி?

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரை ஊரான புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றிலும் தமிழி எழுத்து. அவற்றில் ஒன்று, ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட, பேடு என்ற ஊரின் தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள இன்றைய கூடலூர்தான் அது என்று சொல்லிக்கொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கு ஆசை இருந்தால் தவறில்லை. ஆனால் மதுரைக்கும் கூடல் என்ற பெயர் உண்டு. தமிழ்நாட்டில் வேறு கூடலூர்களும் உண்டு. எந்த ஊரானாலும் ஒரு செய்தி மாறாது. மாடு பிடிக்கும் சண்டையில் ஒருவன் செத்தான், அவனுக்கு உற்றவர்கள் கல் நட்டார்கள். அவன் எந்தச் சொர்க்கம் போனான், எந்தத் தெய்வம் அவனுக்குத் துணை நின்றது என்றெல்லாம் அந்தக் கல் பேசவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் அந்தக் கூடலூரிலிருந்து பளியங்குடி வழியாக மலையேறினால் வண்ணாத்திப்பாறையில், தமிழக கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. புலிகள் காப்பகத்துக் காடு என்பதால் சித்திரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகி கோட்டம் இதுவே என்று புலவர் சி. கோவிந்தராசனார் 1963இல் அடையாளம் காட்டினார். அது முதல் ஒரு கேள்வி இந்த மலையைச் சுற்றி வருகிறது. அந்தக் கோட்டத்தை எடுத்ததாகக் காப்பியம் சொல்லும் சேரன் செங்குட்டுவன் காலத்துச் சான்று ஒன்று இங்கே உறுதிப்பட்டுவிட்டால், கண்ணகியின் தெய்வத்தன்மையும் உறுதிப்பட்டதாகுமா? பலர் ஆகும் என்றே நினைக்கிறார்கள். ஆகாது என்பது என் கட்சி. அதற்கான காரணங்கள் தமிழ்நாட்டைவிட பாபிலோனில் தெளிவாகக் கிடைக்கின்றன. ஒரு மதநூலைக் கல்லெழுத்தோடும் களிமண் ஏட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது.

விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் பெல்ஷாத்சார் என்ற பாபிலோன் அரசன் வருகிறான். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் அவன் பெயரைச் சொல்லாததால், அப்படி ஒருவன் இருந்தானா என்றே சிலர் ஐயப்பட்டார்கள். 1854இல் ஊர் என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் உருளைகளில், மன்னன் நபோனிடஸ் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காகச் சந்திரக் கடவுளிடம் வேண்டுகிறான். ஐயம் தீர்ந்தது, கூடவே இன்னொரு சிக்கலும் வந்தது. ஆகமம் அவனை முந்தைய பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிறது. உருளையோ நபோனிடஸின் மகன் என்கிறது. ‘தகப்பன்’ என்றால் முன்னோன் என்றும் கொள்ளலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு, இருக்கட்டும். யோயாக்கீன் செய்தி இன்னும் நேரானது. நேபுகாத்நேச்சார் கி.மு. 597இல் சிறைபிடித்துச் சென்ற அந்த யூத மன்னனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு, பாபிலோன் அரண்மனை ஏடுகளிலேயே கிடைத்திருக்கிறது. பண்டசாலைக் கணக்குப்பிள்ளைக்கு எந்த மதத்தையும் நிலைநாட்டும் நோக்கமில்லை. அவன் எழுத்து நம்பத்தக்கதாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த ஏடு யூத மன்னன் சிறையில் இருந்ததை நிறுவுகிறதே ஒழிய, அவனுடைய கடவுள் அவனைத் தண்டித்தார் என்பதை நிறுவவில்லை.

சிறு செய்திகள் உண்மையென்று தெரியத் தெரிய, பெரிய செய்தியும் உண்மையாக இருக்கும் வாய்ப்பு கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீதிமன்றத்தில் சாட்சியின் சொல்லை எடைபோடுவதும் இப்படித்தான். இந்த வாதத்தை அதன் போக்கிலேயே கடைசிவரை கொண்டுபோய்ப் பார்க்கலாம். கி.மு. 539இல் பாரசீகன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். ஏசாயாவின் நூல், இஸ்ரவேலின் கடவுளே அவனைப் பெயர் சொல்லி அழைத்ததாகக் கூறுகிறது. 1879இல் பாபிலோனில் கிடைத்து இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கோரேசின் உருளையோ, நபோனிடஸின் மேல் கோபங்கொண்ட மர்துக் கடவுளே கோரேசைத் தேடிக் கைப்பிடித்து அழைத்துவந்ததாகக் கூறுகிறது. வெற்றியைப் பற்றி இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள், தெய்வத்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை. நகரம் விழுந்தது உண்மை என்பதால் ஏசாயாவின் கடவுள் மெய் என்று ஒருவர் சொன்னால், அதே அளவுகோலால் மர்துக்கையும் அவர் ஏற்கவேண்டி வரும். அதற்கு யாரும் தயாராக இல்லை. மன்னனின் பெயரையும் நகரத்தின் வீழ்ச்சியையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தெய்வத்தின் சித்தத்தைச் சோதிக்க அந்த வழி உதவாது.

தோண்டி எடுத்த சான்றையும் பக்தி பிசகாகப் படிக்கும் என்பதை முன்னதாகவே தன் வாழ்க்கையில் காட்டிவிட்டுப் போனவன் நபோனிடஸ். பழைய கோயில்களின் அடித்தளத்தைத் தோண்டி, முந்தைய மன்னர்கள் புதைத்த எழுத்துகளைத் தேடி எடுப்பதில் அவனுக்குத் தீராத பித்து. சிப்பார் நகரத்துச் சூரியக் கோயிலைத் தோண்டியபோது, அக்காது மன்னன் நாராம்சின் இட்ட அடித்தளத்தைக் கண்டதாகவும், 3,200 ஆண்டுகளாக எந்த அரசனும் அதைப் பார்த்ததில்லை என்றும் எழுதிவைத்தான். இன்றைய கணக்குப்படி இருவருக்கும் இடைவெளி ஏறக்குறைய 1,700 ஆண்டுகளே. பக்தி கணக்கைப் பெருக்கிவிட்டது. அதே சிப்பாரில் கிடைத்த சிலுவை வடிவக் கல் ஒன்று இதைவிடச் சுவையானது. அக்காது மன்னன் மனிஷ்டுஷு கோயிலுக்குக் கொடுத்த மானியங்களை அது அடுக்கிவிட்டு, கடைசியில் இது பொய்யில்லை, மெய்யே என்று சாதிக்கிறது. உண்மையில் அது மிகப் பின்னால் கோயில்காரர்கள் வருமானத்துக்காகச் செய்த போலி. புதிய பாபிலோனியக் காலத்தில்தான் செய்திருப்பார்கள் என்பது ஒரு சாரார் முடிவு. தீயன் அந்தவனின் கல் இப்படிச் சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்யவேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இந்தக் கண்ணோடு வண்ணாத்திப்பாறைக்குத் திரும்பலாம். கரூர் அருகே புகழூர் ஆறுநாட்டான் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு, சமண முனிவருக்குப் படுக்கை செய்து கொடுத்த சேரர் மரபொன்றைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. சேரர் பெயர் பொறித்த காசுகளும் கிடைத்துள்ளன. பாட்டில் வரும் சேர அரசர்கள் வெறும் கற்பனை இல்லை என்று துணிய இவை போதும். பெல்ஷாத்சாருக்கு ஊர் உருளை செய்ததைத்தான் இவை செய்கின்றன. மதுரை ஒரு பெண்ணின் சொல்லில் எரிந்ததா என்ற கேள்வி இவற்றின் எல்லைக்குள் வராது. மலைமேல் இன்று நிற்கும் கற்கட்டடம் காப்பியம் சொல்லும் காலத்துக்கு வெகுவாகப் பிந்தியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கொடுங்கல்லூரும் கண்ணகியைத் தனதென்கிறது; இலங்கையில் அவளைப் பத்தினித் தெய்வமாகச் சிங்களவரும் தமிழரும் கும்பிடுகிறார்கள்.

அப்படியானால் நம்பிக்கைக்கும் தொல்லியலுக்கும் உறவே இல்லையா, பக்தியை வெறும் மனப்பழக்கமாக்கிவிடுகிறீர்களா என்று பக்தர் கேட்பார். உறவு உண்டு, அது வேறிடத்தில் இருக்கிறது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்ற படிகளே சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களாக நிற்கின்றன. கண்ணகிக்கு எடுத்த கல்லும் அந்தவனுக்கு எடுத்த கல்லும் ஒரே மரபைச் சேர்ந்தவை. நியாயமான காரணத்துக்காக உயிர் இழந்தவரை ஊர் மறக்கக்கூடாது என்ற கடமையுணர்வு இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதற்குப் புலிமான்கோம்பை நேரடிச் சான்று. பத்தினி வழிபாட்டின் வேர் அந்தக் கடமையில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தெய்வம் உண்டா என்ற கேள்விக்கு அது விடை தராது. மனிதர்கள் தெய்வமாக்கியது எதை என்பதற்கு விடை தரும். பக்தருக்கு அது குறைவாகத் தோன்றலாம். ஆனால் கோயிலைச் செங்குட்டுவன் கட்டினான் என்று அவர் சொல்லும் கணத்தில் வரலாற்றின் மன்றத்துக்குள் வந்துவிடுகிறார். அங்கே தீர்ப்பு பாதகமாக வந்தாலும் ஏற்கத்தான் வேண்டும். அவள் முன் கைகூப்புவதற்கு அந்த மன்றத்தின் அனுமதி தேவையில்லை. நாளைக்கே செங்குட்டுவன் பெயர் பொறித்த கல் அந்த மலையில் கிடைத்தாலும், அது சேரன் ஒரு கோயில் எடுத்ததற்குத்தான் சாட்சியாகும். மதுரை எரிந்ததற்கு ஆகாது.